எல்எல்ஆரில் பழகும் ஸ்ப்ளெண்டர்: ஹெட்லைட் மங்கல், எல்இடி மாற்றலாமா?

கரும்புக்காட்டு ரோடு

வணக்கம். எல்எல்ஆர் போட்டு மூன்று வாரம் ஆகிறது. அப்பாவின் 2009 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸில்தான் பழகுகிறேன். சத்தியமங்கலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து கிளம்ப இரவு எட்டரை ஆகிவிடும். புளியம்பட்டி ரோட்டில் கொஞ்ச தூரம் வந்து, உள்ளே திரும்பி நாலு கிலோமீட்டர் போனால் எங்கள் ஊர்.

மெயின் ரோட்டில் சிரமம் இல்லை. கடை வெளிச்சம், மற்ற வண்டிகளின் வெளிச்சம் இருக்கும். உள்ளே திரும்பிய பிறகு இரண்டு பக்கமும் கரும்பும் வாழையும்தான். தெருவிளக்கு ஊர் முகப்பில் ஒன்றே ஒன்று.

போன வியாழக்கிழமை அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தேன். வேகம் 35 இருக்கும். ஒரு வளைவு தாண்டியதும் அப்பா "பிரேக் போடு சாமி" என்று தோளைப் பிடித்தார். கிளட்ச்சையும் பிரேக்கையும் ஒன்றாகப் பிடித்தேன். கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரைலர், ஓரமாக நின்றிருந்தது. பின்னால் விளக்கும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. வண்டி நின்றபோது கரும்புத் தோகை ஹெட்லைட்டின் மேல் கிடந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒன்றை மட்டும் நன்றாகக் கவனித்தேன். பிரேக் பிடித்த அந்த நேரத்தில் வெளிச்சம் இன்னும் குறைந்தது. என் பிரமையா, உண்மையா தெரியவில்லை.

கடைவீதியில் ஒரு கடையில் கேட்டேன். எல்இடி பல்பு 450 ரூபாய், கால் மணி நேரத்தில் மாட்டித் தருகிறோம் என்றார்கள். கூட வேலை செய்யும் பையன், கார் பல்பு 60/55 வாட் போடுங்கள், அதே ஹோல்டரில் உட்காரும் என்கிறான். அப்பா இதே வெளிச்சத்தில் 15 வருடம் ஓட்டியவர். ஆனால் வியாழக்கிழமைக்குப் பிறகு அவரும் மாற்றிவிடலாம் என்கிறார். வண்டி மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வண்டியின் வயதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அடுத்த மாதம் லைசென்ஸ் டெஸ்ட்டில் 8 போட வேண்டும். விளக்கை மாற்றினால் அங்கே ஏதாவது சொல்வார்களா? எதைச் செய்வது, எதை முதலில் செய்வது என்று சொல்லுங்கள்.

கோபி வயரிங்

அம்மணி, பிரமை இல்லை. வெளிச்சம் உண்மையாகவே குறைந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் மாடலில் ஹெட்லைட்டுக்கு பேட்டரியிலிருந்து கரண்ட் போவதில்லை. இன்ஜின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னட் காயிலிலிருந்து ஏசி கரண்ட் வந்து, ரெகுலேட்டர் அதைக் கட்டுப்படுத்தி, நேராக பல்புக்குப் போகிறது. இன்ஜின் எவ்வளவு சுற்றுகிறதோ அவ்வளவு வெளிச்சம். இரவில் சுவருக்கு எதிரே வண்டியை ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை முறுக்காமல் ஸ்லோவில் விடுங்கள், பிறகு மெதுவாக முறுக்குங்கள். மங்கலாக இருந்த விளக்கு ஏறுவதைப் பார்க்கலாம்.

இப்போது வியாழக்கிழமையை யோசியுங்கள். புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் பயந்தால் முதலில் கிளட்ச்சைத்தான் பிடிப்பார்கள், வண்டி ஆஃப் ஆகிவிடக் கூடாது என்று. கிளட்ச் பிடித்து ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜின் ஒரே நொடியில் ஸ்லோவுக்கு வந்துவிடும், விளக்கும் கூடவே இறங்கும். எந்த நேரத்தில் கண் தெரிய வேண்டுமோ அந்த நேரத்தில் இருட்டு. இன்ஜின் பிரேக்கும் போய்விடும். அதனால் பழகும்போதே கையைத் திருத்துங்கள். முதலில் இரண்டு பிரேக்கும், கிளட்ச் கடைசியில், வண்டி நிற்கப் போகும்போது மட்டும். அந்த நாலு கிலோமீட்டரில் 30, 35 வேகத்தில் டாப் கியரில் உருட்டாதீர்கள். மூன்றாவது கியரில் வாருங்கள். கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாகப் போகும், போகட்டும்.

அடுத்து, எதையும் வாங்குவதற்கு முன் இருப்பதைச் சரி செய்யுங்கள். ஹாலஜன் பல்பு வோல்டேஜுக்கு மிகவும் கட்டுப்பட்டது. பத்தில் ஒரு பங்கு வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு கிட்டத்தட்டப் போய்விடும். 13.2 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் 11 கிடைத்தால் பாதிதான் மிஞ்சும். இத்தனை வருட வண்டியில் அந்த இரண்டு வோல்ட் துரு பிடித்த எர்த்திலும், கருகிய ஹோல்டரிலும், கரி படிந்த டிம்-பிரைட் ஸ்விட்சிலும்தான் தொலைந்திருக்கும்.

டூமை, அதாவது ஹெட்லைட்டின் முன் கண்ணாடியும் உள்ளே பளபளக்கும் பகுதியும் சேர்ந்த பாகத்தை, கழற்றினால் பல்பு ஹோல்டருக்கு மூன்று வயர் வரும். பச்சை எர்த், வெள்ளை டிம், நீலம் பிரைட். விளக்கு எரியும்போது மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, ஒரு முனையை ஹோல்டரில் உள்ள பச்சையிலும் இன்னொன்றை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இடத்திலும் தொடுங்கள். அங்கே ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் உங்கள் வெளிச்சம் அங்கேதான் தங்கிவிட்டது. விலை குறைந்த மீட்டர் இந்த ஏசியில் காட்டும் எண் துல்லியமாக இருக்காது. சுத்தம் செய்வதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். பச்சை வயர் பாடியில் சேரும் எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள்.

பல்பு: அடியில் எச்எஸ்1, 12 வோல்ட், 35/35 வாட் என்று போட்டிருக்கும். அதே அளவில் நல்ல கம்பெனி பல்பு வாங்குங்கள். பழைய பல்பின் கண்ணாடி உள்ளே கறுத்திருந்தால் எரிந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். புதியதன் கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள். கை எண்ணெய் பட்ட இடம் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும்.

டூம்: உள்ளே வெள்ளி போன்ற பூச்சு மங்கியிருந்தால் துணி போட்டுத் துடைக்காதீர்கள், பூச்சு கையோடு வந்துவிடும். மாற்றத்தான் வேண்டும்.

60/55 கார் பல்பு வேண்டவே வேண்டாம். 35 வாட்டுக்குக் கட்டிய காயில் 60 வாட்டை ஊட்டாது. வோல்டேஜ் படுத்துவிடும், பல்பு மஞ்சளாக எரியும். ஹோல்டரும் உருகும். அப்படி உருகிய ஹோல்டர்களை நிறைய மாற்றியிருக்கிறேன்.

திம்பம் 27

எல்இடி பற்றி நான் சொல்கிறேன், போட்டுப் பார்த்தவன் என்பதால்.

இரண்டு வருடம் முன்பு என் 100 சிசி வண்டியில் ஆன்லைனில் வாங்கிய எல்இடி பல்பை மாட்டினேன். வீட்டு வாசலில் பார்த்தால் பகல் மாதிரி இருந்தது. சந்தோஷமாக பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறினேன். 27 கொண்டை ஊசி வளைவு, சாயங்கால மூடுபனி. வெளிச்சம் முழுக்கப் பனியில் மோதித் திரும்பி என் கண்ணிலேயே அடித்தது. ரோட்டின் ஓரக் கோடு தெரியவில்லை. எதிரே வந்த பஸ் டிரைவர் வளைவிலேயே வண்டியை நிறுத்தி, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக் காட்டினார். நான் டிம்மில்தான் போட்டிருந்தேன். அவருக்குக் கண் தெரியாமல் பஸ் ஒரு அடி தள்ளிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

காரணத்தைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். எச்எஸ்1 பல்பில் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். வெளிச்சம் டூமின் மேல் பாதியில் மட்டும் பட்டு, அங்கிருந்து கீழே ரோட்டுக்கு இறங்கும். டூமின் ஒவ்வொரு பட்டையும் அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்கு வைத்துச் செய்தது. நான் மாட்டிய எல்இடி பல்பில் வெளிச்சம் தரும் சிப் வேறு இடத்தில், கிண்ணமும் இல்லை. அதனால் வெளிச்சம் எதிரே வருபவர் முகத்துக்கும் மரக்கிளைக்கும் போனது. வண்டிக்கு முன்னால் நாலு அடி வெளிச்சம் கண்ணைக் கூசும், தூரத்தில் ஒன்றும் இருக்காது. அந்தக் கிட்ட வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நன்றாகத் தெரிகிறது என்று நாம் ஏமாறுகிறோம். ஏசி கரண்ட் என்பதால் துடிப்பு வேறு. அடுத்த வாரமே கழற்றிவிட்டேன்.

இன்னொன்றும் பாருங்கள். ஹெல்மெட் கண்ணாடி புதியதா, கீறல் விழுந்ததா? கறுப்பு டின்ட் போட்டதா? நான் 300 ரூபாய்க்குப் புதுக் கண்ணாடி மாட்டியபோதே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எல்-போர்டு அப்பா

என் மகளும் இப்போதுதான் லைசென்ஸ் எடுத்தாள், அதனால் இதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். கம்பெனி கொடுத்த அளவுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே அளவு பல்பு, அதே டூம் என்றால் எந்தக் கேள்வியும் வராது.

பல்பு மாற்றிய பிறகு உயரத்தைச் சரிபார்க்க மறக்காதீர்கள். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், ஓட்டுபவர் மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி, சமமான தரையில் வண்டியை நேராக நிறுத்துங்கள். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். அப்பா பின்னால் உட்கார்ந்து வருவார் என்றால் அவரையும் உட்கார வைத்தே பாருங்கள். பின்னால் பாரம் ஏறினால் விளக்கு மேலே தூக்கும்.

கரும்புக்காட்டு ரோடு

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை கழற்றப் போகிறோம். கோபி அண்ணா, ஒரு சந்தேகம். எல்லாம் சரி செய்த பிறகு எவ்வளவு வேகம் வரை போகலாம்? 40 போதுமா, இன்னும் குறைக்க வேண்டுமா?

கோபி வயரிங்

கணக்குப் போட்டுப் பாருங்கள், அம்மணி. 40 என்றால் நொடிக்கு 11 மீட்டர். கண்ணில் பட்டு, மூளைக்குப் போய், கை பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி என்று வைத்தால் 17 மீட்டர் சும்மாவே போய்விடும். பிறகு காய்ந்த ரோட்டில் நல்ல பிரேக்கில் நிற்க 13 மீட்டர். ஆக 30. இதே 60 வேகத்தில் 25ம் 28ம் சேர்ந்து 53 மீட்டர். உங்கள் டிம் வெளிச்சத்தில் ஒரு சாக்குப்பை எத்தனை மீட்டரில் தெரிகிறது என்று அளந்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். வெள்ளைச் சட்டையை வைத்து அளக்காதீர்கள். ரோட்டில் நிற்பதெல்லாம் வெள்ளையாக இருக்காது.

கரும்புக்காட்டு ரோடு

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். விவரமாகச் சொல்கிறேன், பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவும்.

கழற்றுவதற்கு முன் சனி இரவே அளந்தோம். அப்பா சாம்பல் நிறச் சாக்கைப் போர்த்திக்கொண்டு ரோட்டில் நடந்து போனார். நான் மூன்றாவது கியரில் வரும் அளவுக்கு இன்ஜினை முறுக்கி வைத்துக்கொண்டு டிம்மில் பார்த்தேன். 24 எட்டு எடுத்து வைத்ததும் அப்பா மறைந்துவிட்டார். அவருடைய ஒரு எட்டு 70 சென்டிமீட்டர். அதாவது 17 மீட்டர். இந்த வெளிச்சத்தில்தான் 35 வேகத்தில் வந்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. அப்பா இருட்டுக்குள்ளிருந்து "இன்னும் போகட்டுமா?" என்று கேட்டார். குரல் வந்தது, ஆள் இல்லை.

ஞாயிறு காலை டூமைக் கழற்றினோம். பச்சை வயர் எர்த்தில் 1.4 வோல்ட் காட்டியது. போல்ட்டைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது. தேய்த்து இறுக்கியதும் 0.1. ஹோல்டரில் ஒரு முனை கருகியிருந்ததால் அதையும் மாற்றினோம். பல்பின் உள்ளே புகை படிந்த சிம்னி மாதிரி இருந்தது. டூமும் மேல் பாதியில்தான் அதிகம் மங்கியிருந்தது. திம்பம் அண்ணா சொன்ன அதே மேல் பாதி! ஒரிஜினல் டூம், எச்எஸ்1 பல்பு, ஹோல்டர் எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குச் சற்று மேல் ஆனது. எல்இடியைவிட அதிகம்தான், ஆனால் அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாலையில் ரேஷன் கடைச் சுவரில் சாக்பீஸ் கோடு போட்டு, அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து உயரம் பார்த்தோம். கோட்டுக்கு ஒரு ஜாண் மேலே அடித்துக்கொண்டிருந்தது. இறக்கினோம்.

அன்று இரவு மறுபடியும் சாக்கு. 50 எட்டு வரை தெரிந்தது. 35 மீட்டர்.

கிளட்ச் பழக்கம்தான் சிரமமாக இருக்கிறது. தினமும் காலையில் களத்துமேட்டில் பத்துத் தடவை 30 வேகத்தில் வந்து நிறுத்திப் பழகுகிறேன். கை இன்னும் இரண்டு மூன்று தடவை முதலில் கிளட்ச்சுக்குத்தான் போகிறது. உள் ரோட்டில் மூன்றாவது கியர், 35. 40ஐத் தொடுவதில்லை.

அந்த டிராக்டர் யாருடையது என்று விசாரித்தோம். பக்கத்து ஊர்க்காரர்தான். அப்பா சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு நேரில் போனார். அவர் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. டிரைலரின் பின் பலகையை அவரே தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கொடுத்தார், அப்பா ஒட்டினார். நேற்று இரவு அதே வளைவில் அந்த டிரைலர் நின்றுகொண்டிருந்தது. வளைவு முடிவதற்குள்ளேயே சிவப்பாகத் தெரிந்தது. மெதுவாக விலகி வந்துவிட்டேன்.