பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பம் தொடர்ந்து குறைவாகவே வருகிறது

கலவை முறையில் (சற்றே சூடான நீரில் பனியைப் போட்டு உருகவிட்டு) பனிக்கட்டி உருகுதலின் உள்ளுறை வெப்பத்தை, அதாவது 0 டிகிரியில் ஒரு கிராம் பனி உருகத் தேவையான வெப்பத்தைக் கண்டுபிடிக்கிறோம். கிராமுக்கு 334 ஜூல் வர வேண்டியது 294-தான் வருகிறது. மாணவர்கள் கணக்கில் தவறில்லை, பிழை சோதனையில்தான்.

இடம் சென்னை, கடலோரப் பள்ளி ஆய்வகம். அறை வெப்பநிலை 29 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி.

செம்புக் கலோரிமீட்டர் (வெப்பம் அளக்கும் கிண்ணம்), கலக்கியோடு 60 கிராம். நீர் 150 கிராம். தொடக்கம் 35 டிகிரி, முடிவு 23. கடைசியில் எடை போட்டதில் உருகிய பனி 20 கிராம். நீர் இழந்த வெப்பத்தோடு செம்பு இழந்ததையும் சேர்த்தால் 7800 ஜூல். உருகிய நீர் 0-விலிருந்து 23 டிகிரிக்கு ஏற எடுத்ததையும் கழித்தாயிற்று.

செய்து பார்த்தவை: பனியை வடிதாளில் ஒற்றிப் போட்டோம். அறை வெப்பநிலைக்கு மேலே 6, கீழே 6 என்று வைத்ததால் சூழலோடு நடக்கும் வெப்பப் பரிமாற்றம் பெரும்பாலும் ஈடாகிவிடும். வெப்பநிலைமானியை உருகும் பனியில் வைத்தால் சரியாக 0 காட்டுகிறது. உறைபெட்டியிலிருந்து எடுத்த பனியை மேற்பரப்பு நனையும்வரை வெளியே வைத்த பிறகே போடுகிறோம். நேராகப் போட்டால் விடை கூடத்தான் செய்யும்.

இந்தக் குறைவுக்கு, பனியோடு 2.4 கிராம் நீர் ஒட்டிப் போயிருக்க வேண்டும். வடிதாளில் ஒற்றிய பிறகும் அவ்வளவா? இல்லையென்றால் கலோரிமீட்டரில் காற்றின் ஈரம் 0.3 கிராம் படிந்தாலே போதும்: படியும்போது வெப்பமும் தரும், எடையிலும் சேரும். பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) அங்கே 25 டிகிரி, கிண்ணத்தின் வெளிச்சுவர் மங்குவது கண்ணுக்கே தெரிகிறது.

முடிவு வெப்பநிலையை 26-க்கு மேல் நிறுத்தலாம்தான். ஆனால் அப்போது இறக்கம் 9 டிகிரியாகச் சுருங்கி, வாசிப்புப் பிழை பெரிதாகிறது.

இந்த இரண்டில் எது காரணம் என்று பள்ளி ஆய்வகக் கருவிகளை வைத்தே பிரித்தறிய என்ன சோதனை செய்யலாம்?