லிமிடெட் அனிமேஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

காட்சித் தொடர்பியல் ஆசிரியை:

அன்புடையீர், வணக்கம். 1963-ஆம் ஆண்டின் ஜப்பானிய அசைவூட்டம் பற்றிய பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை.

அவ்வாண்டு ஜனவரி 1 அன்று ஓவியர் ஒசாமு தெசுகாவின் ‘தெத்சுவான் அட்டோமு’ (அட்டோமு என்னும் எந்திரச் சிறுவனின் கதை) ஃபுஜி தொலைக்காட்சியில் தொடங்கியது. வாரம் ஓர் அரைமணி நிகழ்ச்சி. கை ஒடிய வரைந்தாலும் தீராத வேலை. நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). முழு அசைவூட்டத்தில் ஒன்றிரண்டு சட்டகத்துக்கு ஒரு புதுப்படம் வரும். தெசுகாவின் முஷி புரொடக்ஷன் கூடத்தில் (ஸ்டுடியோ) ஒரே படத்தை மூன்று சட்டகம் நிறுத்தினார்கள். முகம் அப்படியே இருக்கும், வாய் மட்டும் திறந்து மூடும். அட்டோமு பறக்கும் செல் தாள்களை (படம் வரையும் ஒளிபுகு தாள்கள்) பத்திரப்படுத்தி, வேறொரு வாரம் பின்னணியை மாற்றி மறுபடி படம் பிடித்தார்கள்.

லிமிடெட் அனிமேஷன் என்னும் இந்த முறைக்கு ‘குறையசைவூட்டம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. குறைப்பிரசவம், குறைவேலை என்ற வரிசையில்தான் மாணவர்கள் இதையும் சேர்ப்பார்கள். பற்றாக்குறையிலிருந்து ஒரு கலைமுறையே பிறந்ததைச் சொல்லும் பாடம் இது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, சொல்லுக்கு வெளியே போவானேன்? யாப்பிலேயே இருக்கிறது. நான்கு சீர் வந்தால் அளவடி, மூன்று சீர் வந்தால் சிந்தடி. சிந்தடியைக் குறையுள்ள அடி என்று எந்தப் புலவனும் சொன்னதில்லை. முழு அசைவு அளவசைவு, தங்களுடையது சிந்தசைவு.

இன்னொன்று. ஒரு சட்டகம் நிற்கும் படம் குறில், இரண்டு நின்றால் நெடில், மூன்று நின்றால் அளபெடை. மாத்திரைக் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. ‘அளபெடைப்படம்’ என்றே வழங்கலாம்.

அசைவூட்ட ஓவியர், சென்னை:

ஐயா, அழகாக இருக்கிறது. ஆனால் ‘மூவளபு இசைத்தல் ஓரெழுத்து இன்றே’ (ஓரெழுத்து தனியே மூன்று மாத்திரை ஒலிக்காது) என்று தொல்காப்பியர் வழியை அடைத்துவிட்டாரே. நீட்டம் வேண்டுமென்றால் இன்னோர் எழுத்தைக் கூட்ட வேண்டும். இங்கே எதையும் கூட்டுவதில்லை, அதே படம்தான் நிற்கிறது. மேலும், எங்கள் கூடத்துப் பிள்ளைகளிடம் சிந்தசைவு என்றால் காவடிச்சிந்துக்கு ஆடுவதா என்று கேட்பார்கள்.

தமிழாசிரியர்:

தம்பி, இன்னிசையளபெடை என்று ஒன்று உண்டு. ஓசை குறையாத இடத்திலும் இனிமைக்காக நீட்டுவது. தெசுகா செய்ததும் அதுதான் என்கிறேன்.

வசன மொழிபெயர்ப்பாளர்:

லிமிடெட் அனிமேஷன் என்றே போடுங்கள். ஜப்பானியர்களே ‘ரிமித்தெத்தோ’ என்று அந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள். சேமித்த செல் தாளுக்கும் ‘பேங்க்’ என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் மொழி அதனால் தேய்ந்துவிடவில்லை. அனிமே என்ற சொல்லே ஆங்கிலத்தில் கடன் வாங்கி, வெட்டி, உலகத்துக்குத் திருப்பிக் கொடுத்ததுதானே?

ஓவியர்:

கடன் வாங்கினால் அவர்களைப்போல உருமாற்றி வாங்க வேண்டும். நான் ‘சிக்கன அசைவூட்டம்’ என்கிறேன். பணக்கணக்காகத் தெரிகிறது என்பீர்கள். சிக்கனத்துக்கு அடியில் இறுக்கிப் பிடித்தல் இருக்கிறது; திருவாசகத்தில் ‘சிக்கெனப் பிடித்தேன்’ என்று வருவது அதே சிக்குதான். ஒரு படத்தை மூன்று சட்டகம் பிடித்து நிறுத்தும் வேலைக்கு இதைவிட நெருங்கிய வேர் கிடைக்காது.

தமிழாசிரியர்:

வேர் சரி. வழக்கு? இன்று சிக்கனம் என்றால் மின்சாரக் கட்டணம்தான் நினைவுக்கு வரும்.

ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. எனக்கு வேண்டியது ‘முழு’ என்பதற்கு எதிரே நிற்கும் சொல். அதே 1963 மார்ச்சில் தோயேய் அசைவூட்ட நிறுவனம் சுசானோ இளவரசன் எட்டுத்தலைப் பாம்பைக் கொல்லும் கதையை வண்ணத்தில், அகலத்திரையில், திரைப்படமாக வெளியிட்டது. தொலைக்காட்சியிலோ அக்டோபரில் ‘தெத்சுஜின் 28’ தொடர், நவம்பரில் ‘எய்ட்மேன்’ தொடர். அந்த நவம்பரிலேயே தோயேயும் ‘ஓநாய்ச் சிறுவன் கென்’ தொடரோடு தொலைக்காட்சிக்கு வந்துவிட்டது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு கூடத்தின் துணிச்சலாக இருந்தது, ஆண்டு முடிவதற்குள் ஒரு தொழிலாகிவிட்டது. இரண்டு முறைகளையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பேச வேண்டும். சிந்தசைவு என்று எழுதினால் முதலில் யாப்பு நடத்த வேண்டியிருக்கும். எனக்கு அது பிடிக்கும், பாடவேளை இடம் தராது.

குழுவில் நால்வர் சிக்கனத்துக்குக் கைதூக்கியிருக்கிறார்கள். ‘சிக்கன அசைவூட்டம்’ என்று அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் லிமிடெட் அனிமேஷன் என்பதும் பக்கத்தில் இருக்கும்.

தமிழாசிரியர்:

அச்சுக்குப் போவது போகட்டும். என் வாக்கு சிந்தசைவுக்கே என்று பதிவு செய்துகொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

பின்னாளில் பெயர்பெற்ற இயக்குநரான ஹயாவோ மியாசாகி 1963-இல் தோயேயில் சேர்ந்தபோது பார்த்த வேலைக்கு என்ன சொல் போட்டிருக்கிறீர்கள்? இரண்டு முதன்மைப் படங்களுக்கு நடுவே வருவதை வரைவது. ‘இடைப்படம்’ என்றால் இடைவேளைப் படமாகிவிடும்.

தமிழாசிரியர்:

இதற்கு இடைச்சொல் இயலைத்தான் புரட்ட வேண்டும். நாளை விரிவாக எழுதுகிறேன்.