ட்ரக் கேம்பருக்குப் பின்னால் தண்ணீர் ட்ரெய்லர் இழுத்துச் செல்லலாமா?

பாலைநாடி (ஃபீனிக்ஸ்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரியில் நானும் மனைவியும் அரிசோனாவின் கோஃபா வனவிலங்குக் காப்பகத்தில், பாம் கேன்யன் சாலையை ஒட்டி, அங்கே அனுமதிக்கப்படும் 14 நாட்களையும் முழுமையாகத் தங்கிவிட எண்ணியுள்ளோம். எங்களிடம் நீளப் பெட்டி கொண்ட ‘ஒரு டன்’ வகை (கனரகப் பிக்கப்) ட்ரக் இருக்கிறது. அதன் பெட்டி மேல் ஏற்றிய கேம்பரில் (தங்குவதற்கான அறையில்) நல்ல தண்ணீருக்கு 40 கேலன் தொட்டி உண்டு. எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் இருவருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 5 கேலன், அதாவது ஏறத்தாழ 19 லிட்டர், செலவாகிவிடுவதால் எட்டாம் நாளோடு தொட்டி வற்றிவிடும். காப்பகத்துக்குள் குடிநீர் கிடைக்காது. குவார்ட்சைட் ஊருக்குப் போக வேண்டுமானால் சரளைப் பாதையைக் கடந்து, நெடுஞ்சாலையில் சுமார் 18 மைல் வடக்கே செல்ல வேண்டும்.

எனவே, 5 அடிக்கு 8 அடி அளவுள்ள ஒற்றை அச்சுத் திறந்த ட்ரெய்லரில் 100 கேலன் தொட்டியை வைத்து இழுத்துச் செல்லலாமா என்று யோசிக்கிறேன். ட்ரெய்லரின் வெற்று எடை 700 பவுண்டு. மொத்தம் 2990 பவுண்டு வரை தாங்கும். பிரேக் கிடையாது. கேம்பர் பம்பருக்கு அப்பால் மூன்று அடி நீட்டிக்கொண்டிருப்பதால், ஹிட்ச்சுக்கும் (ட்ரெய்லரை மாட்டும் இணைப்புக்கும்) அதே அளவு நீட்டிப்புக் குழாய் போட வேண்டியிருக்கும். இது பாதுகாப்பானதா, தொட்டியை எங்கே வைப்பது, தண்ணீரைக் கேம்பருக்குள் எப்படி ஏற்றுவது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

நெடுவழியான்:

ஐயா, முதலில் கணக்கைப் பார்ப்போம். 14 நாட்களுக்கு 70 கேலன் வேண்டும். கையில் 40 இருக்கிறது. குறைவது 30 கேலன்தான். அவசரத்துக்கென்று 20 கேலன் கூட்டினாலும் 50 கேலன் போதுமே, 100 எதற்கு? ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு என்பதால், 100 கேலன் 834 பவுண்டு ஆகும், 50 கேலன் 417 பவுண்டோடு நின்றுவிடும்.

ட்ரெய்லர் இரண்டையுமே தாங்கும். கவலை ட்ரக்கைப் பற்றியதுதான். ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை ஹிட்ச் பந்தின் (ட்ரெய்லரின் முனை அமரும் இரும்புக் குண்டின்) மேல் அழுத்த வேண்டும். இல்லையென்றால் ட்ரெய்லர் இடமும் வலமுமாக வாலாட்டத் தொடங்கிவிடும். நீங்கள் 100 கேலனே ஏற்றினால் மொத்தம் 1600 பவுண்டுக்குக் குறையாது, பந்தின் மேல் 200 பவுண்டு இறங்கும் என்று வையுங்கள். நீட்டிப்புக் குழாய் போட்ட பிறகு பந்து பின் அச்சிலிருந்து ஏறத்தாழ 7 அடி பின்னால் இருக்கும். இரு அச்சுகளுக்கும் இடையே 14 அடி இருக்குமானால், அந்த 200 பவுண்டு நெம்புகோல் போல வேலை செய்து முன் அச்சிலிருந்து 100 பவுண்டைத் தூக்கிவிடும், பின் அச்சில் 300 பவுண்டை ஏற்றிவிடும். கேம்பரைச் சுமக்கும் ட்ரக்கில் பின் அச்சும் பின் டயர்களும் ஏற்கெனவே எல்லையை ஒட்டித்தான் இருக்கும். மேலும், சாதாரண நீட்டிப்புக் குழாய் போட்டால் ஹிட்ச்சின் இழுதிறன் பெரிதும் குறையும். எவ்வளவு குறையும் என்பதைத் தயாரிப்பாளரின் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, எதையும் வாங்குவதற்கு முன் கேம்பரை ஏற்றி, அதன் தொட்டியையும் நிரப்பி, நெடுஞ்சாலை ட்ரக் நிறுத்தம் ஒன்றில் உள்ள எடைமேடையில் ஏற்றுங்கள். முன் அச்சு, பின் அச்சு இரண்டின் எடையையும் தனித்தனியே அச்சிட்டுத் தருவார்கள். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் பின் அச்சின் உச்ச வரம்பு இருக்கும். அந்த வரம்புக்கும் எடைமேடை காட்டும் பின் அச்சு எடைக்கும் இடையே 300 பவுண்டு இடைவெளி இல்லையென்றால் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

பிரேக்கைப் பொறுத்தவரை, அரிசோனாவில் 3000 பவுண்டுக்குக் கீழே சட்டம் வற்புறுத்துவதில்லை. எனக்கோ அது போதாது. வாலாட்டம் தொடங்கும்போது ட்ரக்கின் பிரேக்கை அழுத்தாமல், ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்கி நேராக்க முடிவது பெரிய வசதி.

டூசான் மீனாட்சி:

ட்ரெய்லரே வேண்டாம் என்பது என் கருத்து. ட்ரக் கேம்பருக்கு மற்ற வண்டிகளுக்கு இல்லாத ஒரு சலுகை உண்டு: கேம்பரைத் தூக்கி நிறுத்தும் நான்கு ஜாக் கால்களை இறக்கி, கேம்பரை நிறுத்திவிட்டு, ட்ரக்கை மட்டும் வெளியே ஓட்டிச் செல்லலாம். ஒரு வாரம் கழித்து, காலியான ட்ரக் பெட்டியில் 60 கேலன் நெகிழிப் பையை விரித்து, குவார்ட்சைட்டில் நிரப்பி, பட்டைகளால் இறுக்கிக் கட்டிக் கொண்டுவரலாம். அந்த 500 பவுண்டு, பின் அச்சுக்குச் சற்று முன்னால் அமர்ந்தால் ட்ரக்குக்கு ஒரு பொருட்டே இல்லை.

கோஃபாவில் வண்டிகள் சாலையிலிருந்து 100 அடிக்குள்தான் நிற்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த எல்லைக்குள் சமதளமாகவும் கெட்டியான தரையாகவும் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு ஜாக் காலுக்கும் அடியில் அகலமான பலகை போட வேண்டும். மணலில் நேரடியாக இறக்கினால், நீங்கள் ஊரிலிருந்து திரும்புவதற்குள் ஒரு மூலை தாழ்ந்திருக்கும். ஏதேனும் நீர்ச்சுனை அருகில் இருந்தால் கால் மைலுக்கு அப்பால் முகாமிடுங்கள். அங்கே நீர் அருந்த வரும் பெருங்கொம்பு ஆடுகளுக்காகத்தான் 1939இல் அந்தக் காப்பகமே ஏற்படுத்தப்பட்டது.

பாலைநாடி:

இருவருக்கும் மிக்க நன்றி. 100 கேலன் என்பது கடையில் கண்ட தொட்டியின் அளவு. நெடுவழியான் கூறியபடி 50 கேலனுக்கு இறங்கிவிடுகிறேன். மீனாட்சி அம்மா, கேம்பரைக் கால்களில் நிறுத்திவிட்டுச் செல்லும் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் காற்று வீசும்போது அதற்குள் தனியாக இருக்க மனைவிக்கு விருப்பமில்லை. தவிர, விறகும் ஜெனரேட்டரும் எப்படியும் ட்ரெய்லரில்தான் வர வேண்டும்.

நீரேற்றி:

அப்படியானால் 50 கேலனை ஒரே தொட்டியாக வாங்காமல், 25 கேலன் தொட்டிகள் இரண்டாக வாங்குங்கள். நிரம்பிய தொட்டியிலும் காலித் தொட்டியிலும் தண்ணீர் அலையடிக்காது, பாதி நிரம்பியதுதான் ஆபத்து. பிரேக் பிடிக்கும்போது தண்ணீர் முழுவதும் முன்னே பாய்ந்து, உடனே பின்னே திரும்பி, பந்தின் மேல் உள்ள எடையைக் கூட்டியும் குறைத்தும் உலுக்கும். இரண்டு தொட்டிகள் இருந்தால் ஒன்றை முழுதாகக் காலி செய்த பிறகே மற்றதைத் தொடலாம். இரண்டையும் அச்சுக்குச் சற்று முன்னால், தரைப்பலகையோடு படிந்திருக்கும்படி, குறுக்குவாட்டில் வைத்துக் கட்டுங்கள்.

தொட்டி குடிநீருக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று கம்பிக் கூண்டுக்குள் இருக்கும் பழைய 275 கேலன் தொட்டியை யாரேனும் பரிந்துரைத்தால் கேட்காதீர்கள். அதற்குள் முன்பு என்ன இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது. வெள்ளைத் தொட்டியில் வெயில் ஊடுருவிப் பாசி பிடிக்கும் என்பதால், கறுப்பாகவோ அடர் நீலமாகவோ வாங்குங்கள் அல்லது தார்ப்பாயால் மூடுங்கள். புறப்படுவதற்கு முன் மணமற்ற சாதாரண பிளீச்சை 15 கேலன் தண்ணீருக்குக் கால் கப் என்ற அளவில் கலந்து, தொட்டியில் ஓர் இரவு ஊறவிட்டு, வாசனை போகும்வரை அலசிவிடுங்கள்.

ஏற்றுவதற்கு 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப் ஒன்று போதும். நிமிடத்துக்கு 3 கேலன் ஏற்றும் பம்ப், 25 கேலனை ஒன்பது நிமிடத்துக்குள் கேம்பருக்கு மாற்றிவிடும். தோட்டத்துக் குழாயைப் பயன்படுத்தாதீர்கள், வெயிலில் கிடந்த ரப்பரின் சுவை காப்பியில் வரும். ஜனவரி இரவுகளில் அங்கே உறைகுளிர் வருவதும் உண்டு. தொட்டி தாங்கிவிடும், ஆனால் வெளியே தெரியும் வால்வும் பம்பின் தலையும் விரிசல் விடும். ஆகவே பம்பை இரவில் கழற்றி உள்ளே வையுங்கள்.

இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன்: உங்கள் கேம்பரின் கழிவுநீர்த் தொட்டி எத்தனை கேலன்? 30 என்று வைத்தால், உள்ளே போகும் 70 கேலனில் குடித்ததும் சமைத்ததும் கழிப்பறைக்குப் போனதும் நீங்கலாக, பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். அதை மண்ணில் கொட்ட எண்ணாதீர்கள். சக்கரம் வைத்த கழிவுநீர்ப் பெட்டி ஒன்றை ட்ரெய்லரில் சேர்த்துக்கொண்டு, காலியான 25 கேலன் தொட்டியின் எடைக்குப் பதிலாக அதை ஏற்றி வாருங்கள். குவார்ட்சைட்டில் கட்டணம் செலுத்திக் கொட்டும் இடங்கள் உண்டு.

திரும்பும் நாளில் இரு தொட்டிகளும் விறகும் காலியாகியிருக்கும், ஜெனரேட்டர் மட்டும் மிஞ்சும். கழிவுநீர்ப் பெட்டியையும் ஜெனரேட்டரையும் அச்சுக்கு முன்னால் வைத்துக் கட்டிவிட்டு, பந்தின் மேல் எவ்வளவு எடை இறங்குகிறது என்று மீண்டும் ஒருமுறை பார்த்த பிறகு சரளைப் பாதையில் இறங்குங்கள்.