22ஆர்இ எஞ்சின்: செயினா, ஹெட் கேஸ்கெட்டா?

கேள்வி:
1991 டொயோட்டா பிக்கப், 22ஆர்இ எஞ்சின், 4x4 (நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி). காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் கடகடவென்று சத்தம், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இப்போது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்) குறைகிறது, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பால்காபி நிறம். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, அதாவது ஹெட் கேஸ்கெட், போய்விட்டதா?

பதில்:
கேஸ்கெட் மேல் அவசரப்பட்டுப் பழி போடாதீர்கள். இதில் வால்வுகளை இயக்கும் டைமிங் செயினை ஆடாமல் பிடிக்கும் பட்டை, அதாவது செயின் கைடு, பிளாஸ்டிக். வயதானால் உடையும், அப்புறம் தளர்ந்த செயின் அதை மூடியிருக்கும் டைமிங் கவரை உரசி ஓட்டை போடும். கவருக்குள்ளேயே கூலன்ட் ஓடுவதால் தண்ணீர் நேராக ஆயிலில் இறங்கும். வால்வ் கவரைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன். இடது பக்கக் கைடு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை! கவரையும் செயினையும் மட்டும் மாற்றினால் போதுமா?

இன்னொருவர்:
அவ்வளவு தூரம் பிரித்துவிட்டு ஹெட்டை விடுவானேன்? கேஸ்கெட்டையும் மாற்றிவிடுங்கள். ஹெட்டின் முன்னால், டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்தனுப்பும் கருவி) கியரை ஒட்டி, தேங்கிய ஆயிலுக்குள் ஒரு போல்ட் ஒளிந்திருக்கும். அதை மறந்து நெம்பினால் தொலைந்தது. திரும்ப மாட்டும்போது ஹெட் போல்ட்டை 58 அடி-பவுண்டு வரை இறுக்குங்கள், நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக. கைடு இரும்பில் வாங்குங்கள்.

முதலில் பதிலளித்தவர்:
கைடின் உடைந்த துண்டுகள் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியில், அதாவது ஆயில் பானில்தான் கிடக்கும். 4x4 என்கிறீர்கள், முன் டிஃபரன்ஷியலை (முன் சக்கரங்களைச் சுழற்றும் கியர் பெட்டி) இறக்காமல் பான் வெளியே வராது. சனி, ஞாயிறு இரண்டும் போச்சு!