பொருள்: 1864 சட்ட வாசகத்தில் வரும் ‘பப்ளிக் நோட்டீஸ்’ – தமிழில் என்ன? (அவசரம்)

பொருநையாள்:

வணக்கம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டிய பாடக் குறிப்பு ஒன்றில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னை மாகாண ஆவணங்களை எப்படிப் படிப்பது என்று இளங்கலை மாணவர்களுக்குச் சொல்லித்தரும் பகுதி அது. எடுத்துக்காட்டாக 1864-ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டத்தை வைத்திருக்கிறேன். தீர்வை பாக்கி வைத்தவனுடைய நிலத்தை ஜப்தி செய்தால், நிலத்தில் கண்ணில் படுகிற இடத்தில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். ஊரறிய ‘பிராக்ளமேஷன்’ செய்ய வேண்டும். ஜில்லா கெஜட்டிலும் போட வேண்டும். அப்புறம் ஏலத்துக்கு ஒரு மாதம் முன்பே ஆங்கிலத்திலும் ஜில்லா மொழியிலும் இன்னொரு நோட்டீஸ் எழுதி, கலெக்டர் ஆபீஸ், தாலுகா கச்சேரி (அலுவலகம்), பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன், அந்த நிலம் என நான்கு இடத்தில் ஒட்ட வேண்டும்.

என் முதல் படியில் எல்லாவற்றுக்கும் ‘அறிவிப்பு’ என்றே போட்டிருந்தேன். “அறிவிப்பை ஒட்டி, அறிவிப்புச் செய்து, அறிவிப்பை வெளியிட்டு...” வகுப்பில் படித்துக் காட்டினால், “ஒரே வேலையை ஏன் மிஸ் மூன்று தடவை செய்தார்கள்?” என்கிறார்கள். ‘தாலுகா கச்சேரியில் ஒட்டினார்கள்’ என்றதும் கடைசி பெஞ்சிலிருந்து, “பாட்டுக் கச்சேரியிலா?” இது தனிக்கதை.

கெஜட்டுக்கு அரசிதழ், அதில் வரும் நோட்டிபிகேஷனுக்கு அறிவிக்கை. இந்த இரண்டும் நிலைத்துவிட்டன, அவற்றை யாரும் கிளற வேண்டாம். சுவரில் ஒட்டுகிற தாளுக்கும், கொட்டடித்துச் சொல்வதற்கும் சொல் தாருங்கள்.

நன்னூலடியான்:

அம்மா, கையில் வெண்ணெயிருக்க நெய்க்கு அலைகிறீர்கள். ‘அறை’ இருக்கிறதே! அறைதல் என்றால் அடித்தல். பறையை அறைந்து சொன்னதால் சொல்லுதலுக்கே அது பெயராயிற்று. கேட்ட மறையைப் பிறருக்குக் கொண்டுபோய்ச் சொல்லும் கயவரை ‘அறைபறை அன்னர்’ என்கிறார் வள்ளுவர். மணிமேகலையில் இந்திர விழாவை ஊருக்குச் சொல்லும் காதைக்குப் பெயரே விழாவறை காதை. யானைப் பிடரியில் முரசை ஏற்றி அறைகிறார்கள். பல்லவர் செப்பேடுகளிலோ சொல் ஆயத்தமாகவே இருக்கிறது: அறையோலை. அரசனிடமிருந்து திருமுகம், அதாவது ஆணை ஓலை, வரும். நாட்டார் அதைத் தொழுது தலைமேல் வைத்து, எல்லை நடந்து, கல்லும் கள்ளியும் நாட்டி, அறையோலை விடுப்பார்கள். நிலம், எல்லை, ஊரறியச் சொல்லுதல் மூன்றும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. வேறென்ன வேண்டும்?

காகிதத்தை ஓலை என்பதா என்று கேட்பீர்கள். சரி, அறைதாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணி அறைவதும் அறைதல்தான். கொட்டி அறைந்ததும் அதுவே, சுவரில் அறைந்ததும் அதுவே. வினைத்தொகை ஆகையால் நடுவில் ஒற்று மிகாது. ‘அறைத்தாள்’ என்று எழுதுபவர்களைக் கண்டால் எனக்கு அறையத் தோன்றும்.

வடமராட்சியான்:

ஐயா, அறைதாள் என்றால் எங்கள் பிள்ளைகள் பரீட்சை மண்டபத்தில் கொடுக்கிற தாள் என்றுதான் நினைப்பார்கள். இலங்கையில் இந்தச் சிக்கலே இல்லை. கெஜட் என்றால் வர்த்தமானி. 1802 முதல் கொழும்பில் அரசாங்க கெஜட் வந்துகொண்டிருக்கிறது, அதன் தமிழ்ப்பெயர் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நோட்டீசுக்கு அறிவித்தல், பிராக்ளமேஷனுக்குப் பிரகடனம். மூன்று காரியம், மூன்று சொல். வடசொல் என்றால் உங்களுக்கு ஒவ்வாமை, அதனால்தான் இவ்வளவு பாடு.

நன்னூலடியான்:

வர்த்தமானம் என்றால் நிகழ்காலம். கெஜட்டில் என்றைக்கு ஐயா நிகழ்காலம் இருந்தது?

கரிசல்:

வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருஷம் குப்பை கொட்டியவன் என்ற தகுதியில் இரண்டு வார்த்தை.

இந்த ‘நோட்டீஸ்’ எப்படிப் போகும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு படி எழுதுவோம். ஒன்று ஒட்ட, மற்றொன்றின் முதுகில் சார்வு, அதாவது நோட்டீஸைச் சேர்ப்பித்த விவரம், எழுத. எங்கள் கரிசல் பக்கம் ஜப்தி நிலத்தில் சுவர் ஏது? ஒரு பனை நின்றால் அதில் பசை தடவி ஒட்டுவார் தலையாரி. பனையும் இல்லாவிட்டால் ஒரு கம்பை ஊன்றி அதில் கட்டிவிட்டு வருவோம். மறுநாள் ஆடு தின்றிருக்கும். அதைப் பற்றிக் கவலை இல்லை. இரண்டு சாட்சியிடம் கையெழுத்து வாங்கி, படியின் பின்பக்கம் “மேற்படி நிலத்தில் ஒட்டியும் கிராமத்தில் தண்டோரா மூலம் விளம்பரம் செய்தும் சார்வு செய்யப்பட்டது” என்று எழுதிவிட்டால் காரியம் முடிந்தது.

அந்த வாசகத்தில் இருக்கிறது பாருங்கள் நீங்கள் தேடுகிற சொல்: விளம்பரம். தாலுகா ஆபீசில் இது சோப்பு விளம்பரம் இல்லை, ஊரறியச் சொல்வதுதான். கோர்ட்டிலும் ஆள் சிக்காவிட்டால் ‘பத்திரிகை விளம்பரம்’ கொடு என்றுதான் உத்தரவாகும். பழைய பொருள் செத்துப்போகவில்லை அம்மா, ரிக்கார்டு ரூமில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறது.

பொருநையாள்:

கரிசல் ஐயா, நீங்கள் சொன்னதைக் கேட்டதும் அகராதியை எடுத்தேன். 1862-இல் வந்த வின்சுலோவில் விளம்பரத்துக்கு ஊரறியச் செய்தல் என்ற பொருள்தான் முன்னால் நிற்கிறது. ஆக அந்தச் சட்டம் வந்த காலத்தில் இதுதான் நடப்புச் சொல். இன்னொன்றும் கண்ணில் பட்டது. கும்பினிக் (கிழக்கிந்தியக் கம்பெனி) கச்சேரிகளில் இதே வேலையைச் செய்தது, பாரசீகம் வழி வந்த அரபுச் சொல் இஷ்திஹார். இன்றைய உருதுவில் அதற்கும் பொருள் சோப்பு விளம்பரம்தான்! இரண்டு மொழியிலும் சர்க்கார் சொல் கடைக்காரர் கைக்குப் போய்விட்டது.

ஆனால் ‘நிலத்தில் விளம்பரம் ஒட்டினார்கள்’ என்று அச்சிட்டால் என் மாணவர்கள் கண்முன் பனியன் கம்பெனி தட்டிதான் வரும். என்ன செய்ய?

நன்னூலடியான்:

விளம்பு தமிழ்தான், மறுக்கவில்லை. நான்மணிக்கடிகை ஆசிரியர் பெயரே விளம்பி நாகனார். ஆனால் ‘அரம்’ என்ற ஈறு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். வடமொழியில் விளம்பம் என்றால் தாமதம். இசைக்காரர்கள் விளம்ப காலம் என்பார்களே, அதுதான். அறுபது ஆண்டுகளில் விளம்பி என்று ஒன்றும் உண்டு. இந்த இரண்டு வேரும் எங்கோ முட்டியிருக்கின்றன என்பது என் நெடுநாள் ஐயம். இது குறித்து ஏழு பக்கக் கட்டுரை எழுதிவைத்திருக்கிறேன். வேண்டுவோர் தனிமடலில்

கரிசல்:

சர்க்கார் நோட்டீசுக்கும் தாமதத்துக்கும் உள்ள உறவுக்கு வேர்ச்சொல் ஆராய்ச்சி வேண்டுமா ஐயா?

வடமராட்சியான்:

:-) ஓம், அது சரி.

ஒரு கேள்வி. விளம்பு என்ற வினையை உங்கள் சட்டத் தமிழ் ஏற்கெனவே எடுத்துவிட்டதல்லவா? டிக்ளரேஷனுக்கு விளம்புகை என்று உங்கள் தீர்ப்புகளில் பார்த்திருக்கிறேன். 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்துக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? நான்காம் பிரிவில் கெஜட் நோட்டிபிகேஷன், அதன் சாரத்தை ஊரில் சொல்லும் பப்ளிக் நோட்டீஸ், ஆறாம் பிரிவில் டிக்ளரேஷன். அறிவிக்கை, விளம்பரம், விளம்புகை என்று எழுதினால் மாணவர் கதி என்ன?

பொருநையாள்:

ஐயோ, அடுத்த அலகே அந்தச் சட்டம்தான். நல்லவேளை சொன்னீர்கள்.

சுவரொட்டி என்று யாராவது சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். சொல்லாததற்கு நன்றி. அது சினிமாவுக்கும் கட்சிக்கும் போய்விட்டது. எங்கள் ஊர்க் கறிக்கடையில் கேட்டால் ஆட்டு மண்ணீரலை நிறுத்துத் தருவார்கள்.

வடமராட்சியான்:

பிரகடனத்தை ஏன் எல்லாரும் தாண்டிப் போகிறீர்கள்? சின்ன மருது 1801 ஜூன் 16-இல் திருச்சிக் கோட்டைச் சுவரில் ஒட்டியதை ஜம்புத்தீவுப் பிரகடனம் என்றுதானே தமிழ்நாடே சொல்கிறது? அதுவும் சுவரில் ஒட்டிய தாள்தான். திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒன்று ஒட்டினார்கள்.

கரிசல்:

அதில் எனக்குப் பிடித்தது கடைசி வரி. இதைச் சுவரிலிருந்து கிழிப்பவன் பஞ்சமாபாதகம் செய்தவன் ஆவான் என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் நோட்டீசில் அப்படி ஒரு வரி இருந்திருந்தால் ஆடாவது பயந்திருக்கும்.

ஆனால் அது சர்க்கார் நோட்டீஸ் இல்லையே. சர்க்காரை எதிர்த்து ஒட்டியது.

நன்னூலடியான்:

யார் சர்க்கார் என்பதுதானே அன்றைக்கு வழக்கு! அவ்வாண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று வெளியிட்டதும் பிராக்ளமேஷன்தான். 1858 நவம்பர் முதல் நாள் அலகாபாத்தில் கவர்னர் ஜெனரல் கானிங் படித்த விக்டோரியா மகாராணியின் சாசனமும் பிராக்ளமேஷன்தான். அரசு மாறுவதைச் சொல்லும் சொல்லை நாலு ஏக்கர் புஞ்சை ஏலத்துக்கும் போடுவதா? பிரகடனம் அங்கே கனம் தாங்காது. சாற்றுதல் என்று நம் சொல் இருக்கிறது. கொட்டடித்துச் சொல்வதற்குச் சாற்று, ஒட்டுவதற்கு அறைதாள். முடிந்தது.

தாமிரன்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒன்று சொல்ல வேண்டும். யானை, முரசு, செப்பேடு என்று நீங்கள் எல்லாரும் ‘அறை’யைக் கொண்டாடுகிறீர்கள். ஏக்கர் கணக்கில் ஏலம் போன அந்த ஊர்களில் அறைந்தது யார்? என் தாத்தா தெருத்தெருவாகத் தமுக்கடித்தவர். கோயில் தெரு முனை வரை வந்து நின்று அங்கிருந்தே கத்துவாராம், உள்ளே போக முடியாது. ‘ஊரறிய’ என்ற சட்ட வாசகத்தில் அந்த முனையும் அடக்கம். 2022-இல் தண்டோரா கூடாது என்று அரசே சொல்லிவிட்டது. நீங்கள் பாடக் குறிப்பில் ‘சாற்றப்பட்டது’ என்று செயப்பாட்டில் எழுதினால் அடித்தவர் மறைந்துபோகிறார். எந்தச் சொல்லையும் போடுங்கள், ‘தண்டோரா’வை எடுத்துவிடாதீர்கள்.

பொருநையாள்:

தம்பி, இதை நான் யோசிக்கவே இல்லை. இந்த வாசகத்தின் மூலத்தில் பிராக்ளமேஷன் என்று மட்டும்தான் இருக்கிறது, கொட்டு பற்றி ஒரு வார்த்தை இல்லை. செய்தது தண்டோரா. மொழிபெயர்ப்பில் மூலத்துக்கு உண்மையாக இருந்தால் நடந்தது விட்டுப்போகிறது.

நன்னூலடியான்:

தண்டோரா இந்தி வழி வந்த சொல். தமுக்கு என்றாவது போடலாம்.

தாமிரன்:

தாத்தா தமுக்கு என்றும் சொல்வார், தண்டோரா என்றும் சொல்வார். அவருக்கு இரண்டும் ஒரே கூலிதான் ஐயா.

பொருநையாள்:

வியாழன் இரவு பதினொன்றரை. இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன்:

“நிலத்தில் பொது அறிவிப்புத் தாளை ஒட்டியும், ஊரில் தண்டோரா மூலம் விளம்பரம் செய்தும், ஜில்லா அரசிதழில் வெளியிட்டும்...”

விளம்பரத்தின் பழைய பொருளுக்கு அடிக்குறிப்பு. தண்டோரா மூலத்தில் இல்லை, நடைமுறையில் இருந்தது என்று இன்னொன்று. அறையோலைக்கு ஒரு பெட்டிச் செய்தி கொடுத்திருக்கிறேன், நன்னூலடியான் ஐயா கோபிக்க வேண்டாம். 1894 சட்டத்தில் விளம்புகையோடு முட்டுகிற சிக்கல் அப்படியே நிற்கிறது. அடுத்த அலகுக்கு வரும்போது மறுபடி கதவைத் தட்டுவேன்.

வடமராட்சியான்:

சம்மதம். ‘பிரகடனம்’ அடிக்குறிப்பிலாவது வரட்டும்.

கரிசல்:

சம்மதம். ‘தாளை’ என்பது மட்டும் தேவையா? அறிவிப்பை ஒட்டி என்றாலே போதும்.

நன்னூலடியான்:

‘பொது அறிவிப்புத் தாள்’ என்பது சொல் அன்று, விளக்கம். மூன்று சொல்லைக் கோத்து ஒரு பொருளைச் சொல்வதற்குக் கலைச்சொல் என்று பெயரில்லை. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அறைதாள். ஒற்று மிகாது.