எல்க் வேட்டை: 6.5 கிரீட்மூர் போதுமா, 300 வின் மேக் வேண்டுமா?

மலைக்காற்று: அக்டோபரில் அமெரிக்காவின் கொலராடோவில் எனக்கு முதல் எல்க் (பெரிய மான் வகை) வேட்டை. கையில் இருப்பது 6.5 கிரீட்மூர் ரகத் துப்பாக்கி, 143 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) ஈஎல்டி-எக்ஸ் என்ற விரியும் குண்டு வைத்த தோட்டா. கூட வருபவர், "500 கெஜத்தில் சுடுவதென்றால் அதைவிடச் சக்தி வாய்ந்த 300 வின் மேக் (மேக்னம்) ரகத்தை வாங்கிவிடு" என்கிறார். வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பைன்மரம்: வாங்குங்கள் தம்பி. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோ இருக்கும். உங்கள் குண்டு வினாடிக்கு 2700 அடி வேகத்தில் கிளம்பும்போது அதன் சக்தி சுமார் 2300 அடி-பவுண்டு. 300 வின் மேக்கில் 200 கிரெய்ன் குண்டு 2850 அடியில் கிளம்பினால் 3600. தோள் எலும்பில் பட்டால்தான் இந்த வித்தியாசத்தின் அருமை தெரியும்.

ஓடைக்கரை: அண்ணா, குழல் வாயில் உள்ள சக்தியை வைத்து முடிவு செய்யாதீர்கள். மான் விழுவது குண்டு உள்ளே போய் விரிவதால். ஈஎல்டி-எக்ஸ் விரியச் சுமார் 1800 அடி வேகம் வேண்டும். 500 கெஜத்தில் கிரீட்மூருக்கு 1900க்கு மேல் மிச்சம் இருக்கும். காற்றையும் பாருங்கள். 10 மைல் வேகக் குறுக்குக் காற்றில் அந்தத் தூரத்துக்கு இரண்டு குண்டுமே ஏறக்குறைய 15 அங்குலம் விலகும். மேக்னம் வாங்கினாலும் காற்றை நீங்கள்தான் படிக்க வேண்டும்.

அப்புறம் உதைப்பு, அதாவது சுடும்போது துப்பாக்கி தோளில் இடிப்பது. போன மாதம் ரேஞ்சில் ஒரு நண்பரின் மேக்னத்தில், அவருக்குத் தெரியாமல் ஒரு போலித் தோட்டாவைக் கலந்து போட்டேன். விசையை இழுத்தார், வெடிக்கவில்லை. ஆனால் உதைப்பை எதிர்பார்த்தே குழல் முனை வெடுக்கென்று கீழே இறங்கியது, கண்ணும் மூடிக்கொண்டது. 20 வருடம் சுடுகிறவர் அவர்.

பைன்மரம்: உதைப்பை ஒத்துக்கொள்கிறேன், பழகினால் சரியாகும். ஆனால் விரிந்தால் போதும் என்பதை ஏற்க மாட்டேன். எல்க் எப்போதும் பக்கவாட்டில் நிற்காது. பக்கவாட்டில் இல்லாமல் உடலைத் திருப்பிச் சாய்வாக நின்ற ஒன்றைச் சிறிய குண்டால் சுட்டேன். கிட்டத்தில்தான், 150 கெஜம். குண்டு தோளிலேயே சிதறிவிட்டது. இருட்டும்வரை ரத்தத் துளிகளைத் தேடினேன். புல்லில் ஒரு துளி, அப்புறம் முப்பது அடிக்கு ஒன்றுமில்லை. மறுநாளும் கிடைக்கவில்லை. அந்த மான் எங்கோ கிடந்து செத்திருக்கும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஓடைக்கரை: வருத்தமாக இருக்கிறது அண்ணா. ஆனால் அங்கே தவறியது குண்டின் கட்டமைப்பு. மெல்லிய உறைக்குள் ஈயம் வைத்த குண்டு, கிட்டத்தில் அதிக வேகத்தோடு எலும்பில் மோதினால் எடை இழக்கும். முழுச் செம்புக் குண்டோ, உறையோடு ஈயத்தைப் பிணைத்த குண்டோ அப்படிச் சிதறாது. செம்புக்கு ஒரு குறை உண்டு: விரிய அதிக வேகம் கேட்கும், தூரத்தில் கைவிடலாம்.

காட்டுப்பாதை: இருவரும் 500 கெஜத்தைக் கேள்வியே கேட்கவில்லை. கிரீட்மூர் குண்டு அங்கே போய்ச் சேர ஏறக்குறைய 0.65 வினாடி. மேயும் எல்க் அதற்குள் ஓர் எட்டு எடுத்து வைத்தால் நெஞ்சுக்குக் குறி வைத்த குண்டு குடலில் பாயும். எந்தத் தோட்டாவும் இதைச் சரி செய்யாது. கொலராடோ சட்டம் எல்க்குக்குக் கேட்பது 85 கிரெய்ன் குண்டும் 100 கெஜத்தில் 1000 அடி-பவுண்டும். அது குறைந்தபட்சம் மட்டுமே. எவ்வளவு தூரத்தில் சுடலாம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஓடைக்குள் இறங்கி, காற்றுக்கு எதிராக ஏறி, 250 கெஜத்துக்குள் போங்கள்.

மலைக்காற்று: சரி, துப்பாக்கியை மாற்றவில்லை. செம்புக் குண்டு வாங்கி, மண்டியிட்டும் மூட்டை மேல் வைத்தும் 300 கெஜம்வரை பழகப் போகிறேன். அதற்கு மேல் சுட மாட்டேன்.

பைன்மரம்: 300 கெஜம் என்றால் நானும் சண்டை போடவில்லை. சாய்வாக நின்றால் மட்டும் சுடாதீர்கள், திரும்பும்வரை காத்திருங்கள். சுட்டதும் அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டு, மான் நின்ற இடத்தில் ஒரு மரத்தையோ பாறையையோ கண்ணில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே நடந்து போய்ச் சேர்ந்தபின் எல்லாப் புதரும் ஒன்று போலத்தான் தெரியும்.