அப்டேட் போட்டும் ஆன் ஆகாத காம்போனென்ட்: தப்பு யார் மேல்?

ஷேர்பட்டன்:
ரெண்டு நாளா மண்டை காயுது. வேற ஆப்பிலிருந்து படம் அனுப்பும்போது வர்ற பட்டியல்ல நம்ம ஆப் பெயரும் தெரியணும்னு ஒரு ஆக்டிவிட்டி (ஆப்போட ஒரு திரை, காம்போனென்ட்னு சொல்ற பாகங்கள்ல ஒண்ணு) வச்சிருக்கேன். முதல் வெர்ஷன்ல லாகின் செய்யாதவங்களுக்கு அது தெரியக்கூடாதுன்னு கோடு மூலமா அணைச்சு வச்சிருந்தேன். இப்போ லாகினே வேண்டாம்னு எடுத்தாச்சு. அணைக்கிற கோடையும் தூக்கியாச்சு. மேனிஃபெஸ்ட்ல, அதாவது ஆப்போட பாகங்களைச் சிஸ்டத்துக்குச் சொல்ற கோப்புல, எனேபிள்ட், ட்ரூன்னு தெளிவா போட்டிருக்கேன். புதுசா இன்ஸ்டால் செஞ்சவங்களுக்குத் தெரியுது, அப்டேட் போட்டவங்களுக்குத் தெரியலை. புது ஏபிகே (ஆப்போட இன்ஸ்டால் கோப்பு) வந்த பிறகும் பழைய செட்டிங்கை ஏன் கட்டிக்கிட்டு அழணும்? என்னைக் கேட்டா இது ஆண்ட்ராய்டு பக்.

கோப்புக்குடைஞர்:
பக் இல்லை நண்பரே. மேனிஃபெஸ்டில் இருப்பது ஆரம்ப நிலை மட்டும். கோடு வழியாக ஒருமுறை மாற்றினால் அது சிஸ்டத்தின் கணக்கில் ஏறிவிடும். அதன் பிறகு மேனிஃபெஸ்ட் என்ன சொன்னாலும் எடுபடாது.

சிஸ்டம் கோப்புகளையும் திறக்க விடும் பழைய ரூட் போன் இருந்தால் டேட்டா, சிஸ்டம், யூசர்ஸ், 0 என்று உள்ளே போய் பேக்கேஜ்-ரெஸ்ட்ரிக்ஷன்ஸ் எக்ஸ்எம்எல்லைத் திறந்து பாருங்கள். உங்கள் ஆப் பெயருக்குக் கீழே 'டிஸேபிள்ட்-காம்போனென்ட்ஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கும், அதில் உங்கள் ஆக்டிவிட்டியின் கிளாஸ் பெயர் (கோடில் அதற்கு இருக்கும் பெயர்) குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கும். (ஆண்ட்ராய்டு 12 முதல் அந்தக் கோப்பு பைனரி வடிவம், நேராகப் படிக்க வராது.) ரீபூட் செய்தாலும் அப்டேட் வந்தாலும் அந்த வரி அங்கேயேதான் இருக்கும். அன்இன்ஸ்டால் செய்தாலோ கோடு வழியாகவே திருப்பினாலோதான் போகும்.

ஷேர்பட்டன்:
"அப்படித்தான் இருக்கும்"னா அது விளக்கம், நியாயம் இல்லை. மேனிஃபெஸ்ட் எழுதினவன் நான், அணைச்சவனும் நான். என் பழைய பேச்சைக் கேட்டு என் புதுப் பேச்சைத் தள்ளுவானேன்?

பழையபோன்வாசி:
நான் கோடு எழுதுகிறவன் இல்லை, போன் வைத்திருப்பவன். அப்டேட் வந்ததும் எல்லாம் பழையபடி ஆன் ஆகணும்னு கேட்கிறீங்களே, அந்த வேதனை எங்களுக்குத்தான் தெரியும். ஒரு ஆப்பில் 'சலுகைகள்' நோட்டிஃபிகேஷனை மெனக்கெட்டு அணைத்தேன். அடுத்த அப்டேட்டில் 'புதிய சலுகைகள்' என்று இன்னொரு வகை, சத்தத்தோடு. நடுராத்திரி.

கோப்புக்குடைஞர்:
அது தெரிந்தே செய்யும் தில்லுமுல்லு. 2017ல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் நோட்டிஃபிகேஷன் சேனலை, அதாவது நீங்கள் சொன்ன 'வகை'யை, ஆப் உருவாக்கிய பிறகு அதன் முக்கியத்துவம் உங்கள் கையில். நீங்கள் அணைத்ததை ஆப் தானாக ஏற்றிவிட முடியாது. சேனலை அழித்துவிட்டு அதே ஐடியில் மறுபடி உருவாக்கினாலும் உங்கள் பழைய செட்டிங்தான் திரும்பி வரும். அதனால் ஐடியையே மாற்றிவிடுகிறார்கள். இதற்காகவே எத்தனை சேனல் அழிக்கப்பட்டது என்று செட்டிங்ஸ் பக்கத்தில் எண்ணிக்கை காட்டும். அப்டேட் பழைய முடிவை மதிக்காவிட்டால் இந்தத் தில்லுமுல்லுகூடத் தேவைப்படாது, ஷேர்பட்டன்.

ஷேர்பட்டன்:
ரெண்டையும் குழப்பாதீங்க. நோட்டிஃபிகேஷன் பயனர் எடுத்த முடிவு, அதைத் தொடக்கூடாது, ஒப்புக்கிறேன். என் ஆக்டிவிட்டியை எந்தப் பயனரும் அணைக்கலை.

கோப்புக்குடைஞர்:
அது உங்களுக்குத் தெரியும், சிஸ்டத்துக்குத் தெரியாது. அந்தப் பட்டியலில் கிளாஸ் பெயர் மட்டும்தான். யார் அணைத்தார்கள், எதற்காக என்று எதுவும் இல்லை. ரூட் போனில் ஒருவர் உங்கள் விளம்பர சர்வீஸைத் தானே அணைத்திருந்தாலும் அதே பட்டியலில்தான் வரும்.

ஐகான்போச்சு:
குடைஞர் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் அடிபட்டவன் நான். எங்கள் ஆப்பில் ஐகானை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. ஒவ்வொரு ஐகானுக்கும் ஒரு ஆக்டிவிட்டி-ஏலியாஸ், அதாவது அதே திரைக்கு இன்னொரு பெயரும் ஐகானும். 'இரவு' ஐகானைத் தேர்ந்தெடுத்தால் இயல்பான ஏலியாஸ் அணையும், இரவு ஏலியாஸ் எரியும். ஒரு ரிலீஸில் யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்து இரவு ஏலியாஸை மேனிஃபெஸ்டிலிருந்து எடுத்தோம். புரிகிறதா? எரிந்தது இல்லாமல் போனது, அணைந்தது அணைந்தே இருந்தது.

ஆண்ட்ராய்டு 9 போனில் ஐகானே காணோம். ஸ்டோரில் போய்ப் பார்த்தால் 'திற' பட்டனும் இல்லை. ஆண்ட்ராய்டு 10 முதலான போன்களில் ஐகான் இருந்தது, தொட்டால் ஆப் இன்ஃபோ பக்கம் திறந்தது. அதுதான் பெரிய கூத்து, "ஆப் செட்டிங்ஸாக மாறிவிட்டது" என்று ரிவ்யூ. லாஞ்சரில் (ஐகான்கள் இருக்கும் முகப்பில்) வர ஒரு வழிகூட இல்லாத ஆப்புக்காவது சிஸ்டம் இயல்பு நிலையைத் திருப்பித் தரலாமே?

கோப்புக்குடைஞர்:
அதில் உங்களோடு முக்கால்வாசி உடன்படுகிறேன்.

மற்றபடி வழி இதுதான். ஆப் அப்டேட் ஆனதும் அந்த ஆப்புக்கு மட்டும் மை பேக்கேஜ் ரீப்ளேஸ்ட் என்ற பிராட்காஸ்ட் (சிஸ்டம் அனுப்பும் அறிவிப்பு) வரும். அதைப் பிடிக்கும் ரிசீவரில், நீங்கள் முன்பு அணைத்த காம்போனென்டின் நிலையை டிஃபால்ட், அதாவது 0 என்று வையுங்கள். எனேபிள்ட், அதாவது 1 என்று வைக்காதீர்கள். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். 1 வைத்தால் அதுவும் 'எனேபிள்ட்-காம்போனென்ட்ஸ்' என்ற இன்னொரு பட்டியலில் ஏறும், நாளை மேனிஃபெஸ்டில் ஃபால்ஸ் என்று மாற்றினாலும் அது எரிந்துகொண்டே இருக்கும். 0 வைத்தால்தான் பட்டியலிலிருந்து பெயர் நீங்கி, மேனிஃபெஸ்டின் பேச்சு மறுபடி எடுபடும். டோன்ட் கில் ஆப் கொடியையும் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஆப் பாதியில் மூடிக்கொள்ளும்.

ஷேர்பட்டன்:
0 வச்சுப் பார்த்தேன், வேலை செய்யுது. நான் 1தான் வைக்கப் போயிருந்தேன், நன்றி. ஆனாலும் என் பேச்சை விடலை. முதல் வெர்ஷன்லயே நின்னுட்டு ஒரு வருஷம் கழிச்சு நேரா ஆறாவதுக்கு வர்றவர் இருப்பார். அவருக்காக இந்த வரிகளை எத்தனை ரிலீஸுக்குச் சுமக்கணும்?

ஐகான்போச்சு:
எங்கள் மேனிஃபெஸ்டில் அந்த இரவு ஏலியாஸ் திரும்ப வந்து மூன்று வருஷம் ஆச்சு. மேலே "தொடாதே" என்று ஒரு கமென்ட். எடுக்க இன்னும் ஒருத்தருக்கும் தைரியம் வரலை.